பாட்டிலின் அடியில் வெள்ளைத் தூள்

குகதாசன் அண்ணா காலமானார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அனுப்பியவரை அழைத்து இரண்டு முறை கேட்டேன். அப்போதும் மனம் ஒப்பாமல், ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டுக்கே அழைத்தேன். அவர் மனைவி எடுத்து, "ஓம் தங்கச்சி, விடியக்காலமைதான். இருதயம்" என்றார். எதையும் சந்தேகிப்பது என் பிறவிக் குணம். அதனால் அதிகம் அடிபட்டவர் அண்ணாதான்.

சென்ட் லோரன்டில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மதுரைக்காரி. லொங்கேய் ஊருக்கு அப்பால் உள்ள ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவர் வேனில் போய், குளோரின் போட்டு ஆற்றில் விடும் நீரைப் பாட்டிலில் பிடித்து வருவார். ஆன்டிபயாடிக் கலந்த தட்டுகளில் நான் அதை ஊற்றி வைப்பேன். அதிலும் முளைத்தால் அது மருந்துக்கு அடங்காத கிருமி.

நான் சேர்ந்த சில வாரங்களிலேயே தட்டுகளில் ஒன்றும் முளைக்காமல் போயிற்று. மேலாளருக்கு மகிழ்ச்சி. அண்ணா மட்டும் ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு சுத்தமெண்டா எனக்குப் பயமாக் கிடக்கு. கோடையிலை பிள்ளையள் நீந்துற ஆறு" என்றார். எனக்கோ அவர்மேல்தான் சந்தேகம். மழைக்குச் சோம்பி வழியில் எங்கோ குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்துவிட்டு நடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். மேலாளரிடமும் அப்படியே சொன்னேன். அவரைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். வேறொருவர் நீர் பிடித்து வந்தார். அப்போதும் தட்டுகள் வெறுமைதான். நான் அவரையும் சந்தேகப்பட்டேன்.

நான்காம் நாள் அண்ணா ஒரு புதுப் பாட்டிலோடு வந்து நின்றார். "தங்கச்சி, இதுக்குள்ளை கிடந்த வெள்ளைத் தூளை ஆர் கழுவினது?"

அழுக்கு என்று நினைத்து நான்தான் எல்லாப் பாட்டில்களையும் கழுவி அடுக்கியிருந்தேன். குளோரினை அடக்கத்தான் அந்தத் தூள். அது இல்லாவிட்டால் ஆய்வுக்கூடம் வந்து சேரும்வரை பாட்டிலுக்குள்ளேயே கிருமிகள் செத்துக்கொண்டிருக்கும்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றார். கழுவியதை நானே மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். அண்ணாவுக்கு வேன் திரும்பக் கிடைத்தது. அடுத்த தட்டுகள் முழுக்க முளைத்திருந்தன. "இப்பதான் நம்பலாம்" என்று அவர் சிரித்தார். பிறகு மெதுவாக, "குழாய்த் தண்ணிக் கதையை ஆர் சொல்லியிருப்பினம்?" என்று கேட்டார்.

"தெரியலையேண்ணா" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்கென்று, காய்கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த மரக்கறி ரோல்ஸ் இரண்டு கொண்டுவருவார். என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே ஆறு ஆண்டுகளும் தின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று இறுதிச் சடங்கில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு அவரைப் பத்திக் கோள் சொன்னது நான்தான்" என்றேன்.

"அவருக்குத் தெரியும் தங்கச்சி. 'அவ ஒரு நாள் சொல்ல வருவா, அப்ப தின்ன ஏதும் இருக்கட்டும்' எண்டுதான் வெள்ளிக்கிழமையில என்னை ரோல்ஸ் சுத்தச் சொல்லுறவர்."

பெட்டியில் வேலைக்கு வரும் அதே நீலச் சட்டையோடு கிடந்தார். குனிந்து அவரிடமும் சொன்னேன்: குழாய்த் தண்ணீர் என்று சொன்னது நான்தான் அண்ணா. போய் வாருங்கள்.