நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருக்கிறவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது விதி. நான் நாற்பத்திரண்டு, அவள் நாற்பத்தொன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு சுழல் நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முதல் நாளே அவள், "நீ சேர்ல உக்காரு கண்ணு, எனக்கு ஸ்டூலே போதும்" என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. நான்கு வருடமும் நான் நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்தேன், அவள் முதுகு சாய இடமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, தேர்வறை இருக்கை எல்லாவற்றிலும் எண்தான் எங்கள் பெயர் என்பதால் நான் அவளை 'நாப்பத்தொண்ணு' என்றே கூப்பிடுவேன். அவள் யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டாள். வாட்ச்மேன், கேண்டீன்காரர், எங்களுக்குப் பின்னால் சேர்ந்த மீசை முளைக்காத ஜூனியர்கள் எல்லோருக்கும் ஏனுங்க, வாங்க, போங்கதான். என்னை மட்டும்தான் 'நீ' என்பாள், 'கண்ணு' என்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

தகவல் தொழில்நுட்பம் என்ற படிப்பை நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியாது. மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் லேத் ஓடும், மீதி வீடுகளில் மோட்டார் பம்பு கழற்றிப் போட்டிருப்பார்கள். ஐ.டி. சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் என் சித்தப்பா, "ஐ.டி.ஐ.யா? பொம்பளப் புள்ளைக்கு வெல்டிங் எதுக்கு?" என்று அப்பாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவளுடைய ஊர் தாராபுரம். அங்கே ஒரு கடைக்காரர் ஐ.டி. என்றால் வருமான வரி ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு, படிப்பு முடிந்து ரெய்டு வரும்போது தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்புக்குக் கீழே பயமும் இருந்தது, ஏனென்றால் அந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பது எங்களுக்கும் தெரியாது. முதல் வருடம் டெஸ்டிங் படித்தால் வேலை என்றார்கள், அடுத்த வருடம் கிளவுட், அதற்கடுத்து டேட்டா. எந்தப் பக்கம் காற்றடித்ததோ அந்தப் பக்கம் ஒரு சான்றிதழ் வகுப்புக்கு ஓடினோம்.

அவளுக்கு நிரல் எழுதுவது கைவந்த கலை. கேள்வித்தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு என் காதருகே குனிந்து, "மொதல்ல லிஸ்ட்டத் திருப்பிப் போட்டுக்கலாம், பொறவு தேடலாம்" என்பதுபோல மெதுவாகச் சொல்லுவாள். நான் தட்டுவேன். ஆசிரியர் வந்து நின்றதும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள், நான் எழுந்து விளக்குவேன். அவள் இரண்டு வார்த்தையில் சொன்னதை நான் இருபது வார்த்தையில், ஆங்கிலத்தில், கையை ஆட்டிச் சொல்லுவேன். "மூளை ஸ்டூல்ல உக்காந்திருக்குது, வாய் சேர்ல உக்காந்திருக்குது" என்று ஆய்வக ஆசிரியர் கிண்டல் செய்வார். எங்களுக்கும் அது சரியான ஏற்பாடாகத்தான் பட்டது. மதிப்பெண் இருவருக்கும் ஒன்றாகத்தான் வரும் என்பதால் யார் நினைத்தது, யார் சொன்னது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கடைசி வருடம் பிரிக்கிற நாள் வந்தது. வெள்ளகோவிலைத் தாண்டிக் கரூர் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் பூல் கேம்பஸ். பல கல்லூரிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து ஒரு நிறுவனம் ஆள் எடுக்கும். எங்கள் வருடத்தில் அதற்குமேல் எந்த நிறுவனமும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா தாராபுரத்தில் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "இதுல கெடச்சா நீ கோயமுத்தூர்லயே இருந்துக்க சாமி, கெடைக்கலீன்னா வந்து கடையப் பாத்துக்க" என்று அவளிடம் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், வற்புறுத்திச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அந்தக் கடைக்குத் திரும்ப விருப்பமில்லை. நிரல் எழுதுகிற இடத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். நான்கு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை அதுதான்.

காலையில் பஸ்ஸில் போகும்போது, குழு விவாதத்தில் என்ன தலைப்பு கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனோம். கணினி வந்து வேலையைப் பறித்துவிட்டதா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் என்றேன். அவள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்கப்பா கடையில பாத்திருக்கறேன் கண்ணு. பட்டா, சிட்டா எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தப்ப, இனி ஆபீஸ்ல வரிசையே இருக்காதுன்னாங்க. வரிசை எங்கியும் போகல. ஆபீஸ் வாசல்ல இருந்து எங்க கடை வாசலுக்கு வந்துபோட்டுது. மெசினுக்கும் மனுசனுக்கும் நடுவுல ஒருத்தர் எப்பவும் வேணும்." எனக்குப் புல்லரித்தது. "இதச் சொல்லு, உன்ன எடுத்துக்குவாங்க" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

தலைப்பும் அதுவேதான் வந்தது. பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். அவள் என் இடதுபக்கம். பதினைந்து நிமிடம், யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், அவரவரே நுழைந்து பேச வேண்டும். அவள் முன்னால் சாய்ந்து, "ஐ திங்க்" என்று ஆரம்பித்தாள். அதே நேரம் எதிரில் இருந்த பையன் வாயைத் திறந்தான். அவள் உடனே நிறுத்தி, அவன் பக்கம் கையைக் காட்டி, "நீங்க சொல்லுங்க" என்றாள், தமிழில். அவன் சொன்னான். மறுபடியும் ஆரம்பித்தாள், மறுபடியும் ஒருத்தி குறுக்கே வந்தாள், மறுபடியும் "நீங்க சொல்லுங்க". எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வந்தால் விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை. வளர்ப்பு அப்படி. ஆனால் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நிறுவனத்துக்காரர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடைவெளி விழுந்தது. அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நான் பேச ஆரம்பித்தேன்.

வரிசை எங்கும் போகவில்லை, வாசல் மட்டும் மாறியிருக்கிறது என்று சொன்னேன். தாராபுரத்தில் என் மாமா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன். குறிப்பெடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் என்னிடம் "நீங்க சொல்லுங்க" என்று சொல்லவில்லை, சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்கு வருடமாக அவள் நினைத்ததை நான் சொன்னேன், அன்றும் சொன்னேன், அவ்வளவுதானே என்று. அந்த 'மாமா'வை மட்டும் எந்தச் சமாதானத்திலும் அடக்க முடியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் அப்பாவைத் தூக்கி என் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. எனக்கு நேர்முகத் தேர்வு முடிய மாலை நான்கு மணி ஆனது. அதுவரை என் பையையும் சான்றிதழ்க் கோப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "கெடச்சிருச்சா? நல்லது கண்ணு" என்றாள். பஸ்ஸில் ஏறியதும் நான் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு என்று வரிசையாகப் போன் போட்டேன். காங்கேயம் வந்தது. அன்று சனிக்கிழமை, ஹாஸ்டலில் தங்கியிருந்த அவள் ஊருக்குப் போக வேண்டிய நாள். பக்கத்திலேயே தாராபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அங்கே மாறினால் ஒரு மணி நேரத்தில் வீடு. "எறங்கலையா?" என்று கேட்டேன். "சிங்காநல்லூர் வந்தே ஏறிக்கறேன்" என்றாள். அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஹாஸ்டலில் ஏதாவது எடுக்க வேண்டியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பல்லடம் தாண்டும்போது போன் போட ஆள் தீர்ந்துபோனது. அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. சொன்னால் கிடைத்த வேலை பாதியாகிவிடும் என்று ஒரு பயம். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல ஜன்னலில் சாய்ந்தேன். சூலூர், ஒண்டிப்புதூர் எல்லாம் எனக்கு மூடிய கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. சிங்காநல்லூரில் இறங்கியதும் அவள் ஹாஸ்டல் பக்கம் போகவில்லை. வந்த சாலையிலேயே திரும்பிப் போகிற தாராபுரம் பஸ்ஸில் ஏறி, "வரட்டுங்களா" என்றாள். அந்த 'ங்க'வை நான் கவனித்தேன். வாய் தவறி வந்திருக்கும் என்று நினைக்க முயன்றேன். மிச்சமிருந்த மூன்று மாதமும் அப்படித்தான் பேசினாள். படிப்பு முடிந்தது, போன் எண்கள் மாறின, அவ்வளவுதான்.

இப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் மேலாளர். நிரல் எழுதிப் பல வருடமாகிறது. கூட்டங்களில் பேசுவதுதான் என் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. பன்னிரண்டாவது மாடி, தனியாக இருக்கிறேன். திரையில் முப்பது வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து, முகம் கிடையாது. முப்பது பேர் நான் பேசுவதைக் கேட்கிறார்கள். முடிந்ததும் முப்பது பேரும் ஒரே நொடியில் மறைந்துபோவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்து எங்கள் வேலை போய்விடுமா என்று சின்னப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் வரிசையையும் வாசலையும் பற்றிச் சொல்லுவேன். பதவி உயர்வு நேர்காணலில் சொல்லியிருக்கிறேன், கல்லூரி மேடைகளில் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்திலும் மாமாவோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு கல்லூரியில் ஐ.டி. படிப்பும் வேலைவாய்ப்பும் என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "ஏனுங்க மேடம், உங்க மாமா கடை இப்பவும் இருக்குதுங்களா? இப்ப அவர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டாள். கேள்வியில் ஒரு குறும்பும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த சனிக்கிழமை சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் ஏறினேன். கார் இருக்கிறது, ஆனால் அந்தச் சாலையில் காரில் போக மனம் வரவில்லை.

கடை அதே இடத்தில் இருந்தது. இப்போது இ-சேவை மையம் என்று பலகை. வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே அவள் இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. பிறகு, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள், கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னாள். பிரிண்டருக்கு மேலே சுவரில் அவள் அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது. "மூணு வருசமாச்சுங்க" என்றாள். நான் ஊரெல்லாம் மாமா என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் இறந்துபோனதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று, வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், அன்றைக்கு நான் சொன்னது அவளுடையது, அவள் அப்பாவுடையது, எனக்குத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லி முடித்தேன்.

ஒரு பெரியவருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அது எனக்குத் தெரியாதுங்களா, பக்கத்துலதான உக்காந்திருந்தேன்" என்றாள். "நான் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பாங்களோ என்னமோ. அதுக்கு நான் வெசனப்படலீங்க. காங்கேயத்துல எறங்கியிருந்தா பொழுதோட ஊட்டுக்குப் போயிருப்பேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் சிங்காநல்லூர் வரைக்கும் கூட வந்தேன்." சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பி, "ஐயா, போனுக்கு ஓடிபி வந்திருக்குதுங்களா? சித்த பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சட்டைப் பையில் போனைத் தேடினார். அவள் என்னைப் பார்த்தாள், இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல. பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான், 'மன்னிச்சுக்க' என்ற அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது. டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேசையில் வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.