தமிழில் தோற்றவள்

"இங்கே யாருக்காவது தமிழ் தெரியுமா?" என்று ஜூலியன் ஆங்கிலத்தில் கேட்டபோது சாந்தா கையைத் தூக்கினாள். அவள் செய்த தவறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்தது.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். தாதியர் படிப்பின் முதல் செய்முறைப் பயிற்சிக்குக் கல்லூரி அனுப்பிய மாணவர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரி அனுப்பிய பயிற்சி ஆசிரியர்தான் ஜூலியன். கேள்வியைக் கேட்கும்போது அவர் பார்த்தது சாந்தாவை அல்ல, லக்சிகாவை. அந்தப் பெயரைக் கேட்டால் தமிழ்ப் பெண்ணோ என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

"அம்மா அப்பா பேசுவார்கள். எனக்கு வராது" என்றாள் லக்சிகா. இருபது வயது, ரொறன்ரோவில் பிறந்தவள். சொல்லிவிட்டுத் தன் வெள்ளைச் சப்பாத்தின் நுனியைப் பார்த்தாள்.

"அப்போ நான் பேசறேன்" என்று முந்திக்கொண்டது போலத்தான் சாந்தாவின் கை எழுந்தது.

சாந்தாவுக்கு முப்பத்தொன்பது வயது. கரூரில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் எடுத்தவள். கரும்பலகையில் சாக்பீஸை எடுக்காமல் ஒரே கோட்டில் இதயம் வரைவாள்; நல்ல இரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட இரத்தத்துக்கு நீலம். கணவன் தட்சிணாமூர்த்திக்கு இங்கே மென்பொருள் வேலை கிடைத்ததும் கூடவே வந்தாள். அவளுடைய சான்றிதழ்களை யாரும் கேட்கவில்லை. ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகள் வரிசையாக முளைத்த தெருவில் குடியேறினார்கள். ஒரே கார், அதை அவன் எடுத்துப் போனபின் பால் வாங்கக்கூட நடந்து போக முடியாது. பக்கத்து வீடுகளில் தமிழ்க் குடும்பம் இல்லை. சனிக்கிழமைகளில் வந்துபோவது அவன் அலுவலக நண்பர்கள், எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். இலங்கைத் தமிழ் என்றால் அவளுக்கு மில்லிக்கன் கடைகளில் காதில் விழுவதுதான்: பாண், மரக்கறி, கதைக்கிறது. தாதியாகிவிட்டால் யாருக்காவது தான் தேவைப்படுவோம் என்று நினைத்துத்தான் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள்.

தேவைப்பட்டாள். அந்த மாடியில் பாதிக்குமேல் யாழ்ப்பாணத்து முதியவர்கள். யாருக்கோ இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள்; "சாந்தா, ஒரு நிமிடம்" என்று தாழ்வாரத்திலிருந்து குரல் வரும். தேத்தண்ணி ஆறிவிட்டது, இடுப்பில் கட்டும் சாரத்தைக் காணவில்லை, மகன் போன் எடுக்கவில்லை. ஓடி ஓடி மொழிபெயர்த்தாள். புரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்து ஒப்பேற்றினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபின் அவள் பெயரை அத்தனை பேர் கூப்பிட்டது அங்கேதான்.

புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது என்று ஒவ்வொன்றையும் ஜூலியன் கண்ணெதிரே செய்து காட்டினால்தான் தேர்ச்சி. மற்றவர்கள் காட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கு அடுத்த வாரம்" என்றார் ஜூலியன். அதற்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்.

அந்த வாரங்களில் ஒரு காலையில் யோகமலரின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். எண்பதைத் தாண்டிய விதவை, வாய் கொஞ்சம் நீளம். சாந்தாவை 'இந்தியாப் பிள்ளை' என்றுதான் அழைப்பார். அன்று காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஜூலியன் வாசலில் சாய்ந்து நின்றார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"எனக்குக் கடும் வருத்தமாக் கிடக்கு, பிள்ளை. விடியத் தொடக்கம் நெஞ்சுக்க என்னவோ செய்யுது."

சாந்தாவுக்கு மனம் இளகியது. திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: அவர் மிகுந்த கவலையில் இருக்கிறார், காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ பாரமாக இருக்கிறதாம். ஆங்கிலத்தில் அது கவிதை போல ஒலித்தது.

"வலி இருக்கிறதா என்று கேள்" என்றார் ஜூலியன்.

"வலி ஏதாவது இருக்காம்மா?"

"வலியோ?" கிழவியின் முகம் சுருங்கியது. "சீ. எங்கட பரம்பரையிலயே ஒருத்தருக்கும் வலி இல்லை."

வலிக்கும் பரம்பரைக்கும் என்ன சம்பந்தம் என்று சாந்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. வயதானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டாள். "வலி இல்லையாம்" என்றாள்.

"பாவம். மகள் வருவதில்லை போல" என்றார் ஜூலியன்.

"இரத்த அழுத்தம் பார்க்கட்டுமா?"

"அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது அவருக்குப் பேச்சுத்துணைதான் மருந்து. உன் மொழியில் ஆறுதல் சொல்." ஜூலியன் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கே லக்சிகா ஊசி போட்டுக் காட்டக் காத்திருந்தாள்.

சாந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருத்தப்படாதீங்கம்மா. எல்லாம் சரியாப் போயிடும்."

"வருத்தப்படாமல் இருக்கிறது என்ர கையிலயே கிடக்கு?"

"மனசை லேசா வச்சுக்கிட்டா வருத்தம் தானாப் போயிடும்."

யோகமலர் தலையைத் திருப்பி அவளை நன்றாகப் பார்த்தார். "உங்கட ஊரில வருத்தம் மாத்துறது உப்பிடித்தானோ?"

சாந்தா சிரித்தாள். கிழவிக்குக் குறும்பு என்று நினைத்தாள். கை சில்லென்றிருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டாள். வெளியே வந்து, ஜூலியனிடம் சொன்னபடியே பதிந்தாள்: கவலையாக இருக்கிறார், வலி இல்லை.

மத்தியானச் சாப்பாடு வருமுன் வழக்கமான தாதி ஒருத்தி அறைக்குள் போனாள். கிழவியின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தலையணை வியர்வையில் ஊறியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு, அதுவும் காலையிலேயே தொடங்கியது.

மகள் சந்திரவதனா அஜக்ஸிலிருந்து நெடுஞ்சாலையில் பறந்து வந்தபோது தள்ளுகட்டில் லிப்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. "காலமை அம்மாவை ஆர் பாத்தது?" என்று கேட்டாள். தாதி கண்ணால் காட்டினாள். முகக்கவசம் போட்ட சாந்தா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா உன்னட்டை என்ன சொன்னவ?"

"வருத்தமா இருக்குன்னு சொன்னாங்க."

"வருத்தம் எண்டு தன்ர வாயாலயே சொன்னவவோ?"

"ஆமாங்க. ரொம்ப வருத்தம்னு."

"அப்ப ஏன் டொக்டரைக் கூப்பிடேல்லை?"

கவலைக்கு எதற்கு டாக்டர் என்று சாந்தா விழித்தாள். அந்த விழிப்பைச் சந்திரவதனா நன்றாகப் பார்த்துவிட்டு லிப்ட்டுக்குள் ஓடினாள்.

உடைமாற்றும் அறையில் லக்சிகா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அன்ரி, வருத்தம் எண்டதை நீங்கள் சாட், கவலை எண்டோ சொன்னனீங்கள்?"

தமிழ். சுத்தமான, தடுக்காத தமிழ். சாந்தாவுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

"வருத்தம் எண்டா சிக், அன்ரி. எங்கட ஆக்கள் காய்ச்சலுக்கும் வருத்தம் எண்டுதான் சொல்லுவினம். கான்சருக்கும் வருத்தம்தான்."

"வலி இல்லைன்னாங்களே?"

"வலி எண்டா பிட்ஸ். கையைக் காலை இழுக்குமே, அது. நோகுதோ எண்டெல்லோ கேக்க வேணும்."

சாந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். "உனக்குத் தமிழ் தெரியுமா?"

"பின்ன வீட்டில என்னத்தைக் கதைக்கிறது? என்ர மச்சாளும் இந்தக் கோர்ஸ்தான் செய்தவ. அவ சொன்னவ, பிளேஸ்மென்ற்ல தமிழ் தெரியும் எண்டு மட்டும் வாய் திறந்திடாதை, நாள் முழுக்க இன்ரப்ரிட்டர் வேலைதான், ஒரு ஊசி போட விடமாட்டினம் எண்டு." முடியை இறுக்கிக் கட்டினாள். "ஐ பெல்ற் பாட் போர் யூ, அன்ரி. பாவமாத்தான் கிடந்தது, உண்மையா."

"நீ ஜூலியன்கிட்ட இதைச் சொல்லு. உங்க தமிழ்ல அப்படித்தான் அர்த்தம்னு சொன்னாப் போதும்."

"மாட்டன்."

"என் சீட்டே போயிடும் லக்சிகா."

"நான் சொன்னா நாளைக்கு என்னைத்தான் கூப்பிடுவினம். எனக்கு இன்னும் கதீற்றர் குழாய் மாத்திக் காட்ட இருக்கு." பையைத் தோளில் மாட்டினாள். "சோறி, அன்ரி."

கல்லூரியில் படிப்புக்குப் பொறுப்பான பெண்மணி கண்ணாடி அறையில் வரவேற்றுத் தண்ணீர் கொடுத்தார். ஜூலியன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் மொழிபெயர்ப்பு வேலை செய்யக்கூடாது என்பது விதி, அது கைநூலில் இருக்கிறது, தெரியுமா என்று அந்த அம்மா கேட்டார்.

"அவர்தான் கூப்பிட்டார்" என்றாள் சாந்தா.

"யாருக்குத் தமிழ் தெரியும் என்றுதான் கேட்டேன்" என்றார் ஜூலியன். "கையைத் தூக்கியது அவர்."

"இரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்று கேட்டேனே."

"எனக்கு நினைவில்லை." ஜூலியன் பொய் சொல்பவர் போலவே தெரியவில்லை. உண்மையிலேயே மறந்திருக்கலாம்.

சாந்தா தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி விளக்கினாள். யோகமலரின் தமிழ் வேறு, தன் தமிழ் வேறு, ஒரே சொல்லுக்கு அங்கே ஓர் அர்த்தம், இங்கே ஓர் அர்த்தம்.

"அப்படியானால் அது வேறு மொழியா?"

"இல்லை. அதே மொழிதான்."

"அதே மொழி."

"ஆமாம்."

"நீங்கள் அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியிலும் கற்பித்திருக்கிறீர்கள்."

"ஆமாம்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனதோடு அவளுக்கு ஒரு வழி காட்டினார். இந்த வாரமே தானாக விலகினால் சொந்தக் காரணம் என்று போய்விடும். விலகாவிட்டால் 'பாதுகாப்பற்ற தாதி' என்று தோல்வி பதியப்படும். பிறகு எந்தக் கல்லூரியின் கதவும் திறக்காது. மேலும், செய்முறைகளில் ஒன்றைக்கூட அவள் இன்னும் செய்து காட்டவில்லையே, எப்படியும் தேறுவது கஷ்டம்தானே என்றார். சாந்தா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு விலகிக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் வாய் கோணி, அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தான்.

"இங்கிலீஷ்ல ஃபெயில் ஆவேன்னு பயந்தேன். தமிழ்ல ஃபெயில் ஆகி வந்திருக்க."

சனிக்கிழமை நண்பர்கள் வந்தபோது அதையே திரும்பச் சொன்னான். அவள் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் சிரிப்பு ஓயும்வரை உள்ளேயே நின்றாள்.

பனி விட்ட பிறகு ஒரு நாள் அவன் அவளை மில்லிக்கனில் இறக்கிவிட்டு டயர் மாற்றப் போனான். இடியப்பக் கடையில் நீண்ட வரிசை. முன்னால் நின்றவளின் குரலைக் கேட்டதும் சாந்தாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. சந்திரவதனா. திரும்பிப் பார்த்தாள், லேசாகப் புன்னகைத்தாள், மறுபடி திரும்பிக்கொண்டாள். முகக்கவசம் இல்லாத சாந்தாவின் முகத்தை அவள் பார்த்ததேயில்லை.

"அம்மா இப்ப எப்பிடியக்கா?" என்றாள் கல்லாவில் நின்ற பெண்.

"இருக்கிறா. முந்தி மாதிரி நடக்கேலாது, வாய் மட்டும் குறையேல்லை. வாறவை போறவைக்கெல்லாம் உந்தக் கதைதான். வருத்தமெண்டு சொன்னனாம், ஒருத்தி கையைத் தடவி, மனசை லேசா வையுங்கோ, வருத்தம் போயிடும் எண்டவளாம்."

வரிசை சிரித்தது. சாந்தாவும் பல்லைக் காட்டினாள்.

"ஆரக்கா அவள்?"

"படிக்க வந்த இந்தியாக்காரி ஒருத்தி. தங்கட தமிழில வருத்தம் எண்டா கவலையாம், பிறகு கேள்விப்பட்டன். இப்ப நேர்ஸா வந்திருப்பாள். எந்த ஆஸ்பத்திரியில நிண்டு ஆரைக் கொல்லுறாளோ."

"அப்பிடியும் ஒரு தமிழோ?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

சாந்தாவின் முறை வந்தது. "ரெண்டு செட் இடியாப்பம் குடுங்க" என்றாள். கல்லாப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் இந்தியாவோ, அக்கா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. உங்கட ஊரில வருத்தம் எண்டா என்ன?"

பொதியைக் கையில் எடுத்த சந்திரவதனா போகாமல் நின்றாள். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கவலை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் சந்திரவதனாவின் கண்கள் அவள் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும்.

"நோய்தாங்க" என்றாள் சாந்தா. "உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். எங்க ஊர்லயும் அதேதான்."

"பாத்தியே?" என்றாள் சந்திரவதனா கல்லாப் பெண்ணிடம். "பாசையில ஒரு பிழையும் இல்லை. உவள் தான் தப்புறதுக்குக் கட்டி விட்ட கதை." சாந்தாவின் முழங்கையை நன்றியோடு தொட்டுவிட்டுப் போனாள்.

"சொதி கூட விடட்டோ, அக்கா?" கல்லாப் பெண் தேங்காய்ப்பால் குழம்பைக் கரண்டியில் அள்ளினாள்.

"விடுங்க" என்றாள் சாந்தா.