கடலூரில் பாதிப் பேருக்குப் பசியில்லை

என் அக்கா புருஷன் ராஜமாணிக்கம் சிதம்பரத்தில் கல்யாணச் சமையல் மாஸ்டர். இருபத்தைந்து வருஷமாக ஊருக்கே ஆக்கிப் போடுகிறார். ஆனால் தான் சமைத்ததை ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. அவர் வழக்கமாகச் சமைக்கும் மண்டபத்தில் அடுப்பு கீழே, பந்தி மாடியில். நடுவில் இருபத்திரண்டு படி. நூற்றிருபத்தொரு கிலோவைத் தாங்கும் முழங்கால்கள் ஏழாவது படியிலேயே மக்கர் பண்ணும். காலி வாளி இறங்கி வந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார். வாளியா பாராட்டும்? ஒரே ஒரு தடவை மேலே ஏறித் தன் கையால் பரிமாறிவிட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் எழிலன். கடலூரில் கோர்ட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் வேலை. எடை குறைக்கும் வாராந்தர ஊசியை டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். வெளிநாட்டு பிராண்டின் விலையைக் கேட்டு மாமா சீட்டை மடித்துப் பர்சில் வைத்துவிட்டார். பேட்டன்ட் முடிந்து உள்ளூர் கம்பெனிகள் அதே மருந்தைப் போட ஆரம்பித்ததும் விலை மளமளவென்று இறங்கியது. ஓடிப்போய்ச் சொன்னால், அக்கா வெண்மதி மூஞ்சியைச் சுளித்தாள்.

"கம்மி வெலைன்னா தண்ணியத்தான் அடைச்சிருப்பான். சோதிச்சுப் பாக்க உன் மாமன்தான் கெடைச்சாரா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பத்து வருஷமாக மருந்து விற்கிறவனுக்கு வீட்டில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான். மாமாதான் காப்பாற்றினார்.

"சும்மா இருடி. அதே சாம்பாரு, வேற வாளி. அவ்ளோதான மச்சான்?"

மாமா ஒரே வரியில் சொன்ன இதைப் புரியவைக்கக் கம்பெனிக்காரன் எங்களுக்கு அரை நாள் கூட்டம் போட்டான்.

டாக்டரிடம் மறுபடி காட்டி ஊசியை ஆரம்பித்தார். ஏழு மாதத்தில் பத்தொன்பது கிலோ குறைந்தது. எட்டு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்ததைப் பார்த்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். என்னத்தைச் சொல்ல!

அப்புறம் கடலூர் வக்கீல் இளவரசு வீட்டுக் கல்யாணம் அதே மண்டபத்துக்கு வந்தது. ஐந்நூறு பேர். நூறு பேருக்குப் பத்து கிலோ அரிசி என்ற பழைய கணக்கிலேயே மாமா உலை வைத்தார். முதல் பந்திக்குச் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார். நான் படிகளை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

மேலே போனால் அநியாயம். ரசம் வருவதற்குள் இலைகளை மடிக்கிறார்கள். வடை அரைவாசி கடித்தபடி கிடக்கிறது. பாயசத்தைக் கண்டதும் கையை ஆட்டுகிறார்கள். மாமாவின் முகம் வெளுத்துப்போனது.

"என் கைப்பக்குவமே போயிடுச்சு மச்சான். இதப் பாக்கவா ஏறி வந்தேன்?"

அப்போதுதான் வரிசையைப் பார்த்தேன். பாதிப் பேர் என் கடை வாடிக்கையாளர்கள். கோர்ட் டைப்பிஸ்ட் ஸ்ரீமதி சிரித்தபடி, "எழிலன், உங்க கடை ஊசி நல்லா வேலை செய்யுது. பாதி வடையிலயே வயிறு ரொம்பிடுச்சு" என்றார். மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி பேருக்குடா வித்த?"

"டாக்டர் எழுதுனாங்க மாமா, நான் குடுத்தேன்."

"எத்தினி பேருன்னு கேட்டேன்."

"இந்த வரிசையில மட்டும் பதினொண்ணு."

மாமா திட்டியிருந்தால் தேவலை. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் வேலைக்காரர்களுக்குத்தான் கடைசிப் பந்தி. மேளக்காரர்கள், வேன் டிரைவர்கள், பாத்திரம் இறக்கியவர்கள். விடிகாலையிலிருந்து காய்ந்த வயிறு அவர்களுக்கு. தவில்காரர் செம்பியன் சோற்றில் குழி பறித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பாரு யாருங்க?"

மாமா எழுந்தார். ஊற்றினார். செம்பியன் குழைத்து அடித்துவிட்டு மறுபடி குழி பறித்தார். மூன்றாவது தடவையும் பறித்தார். பக்கத்து டிரைவர், "இங்கயும் ஜாஸ்தியா ஊத்துங்க மாஸ்டர்" என்றார். மாமா வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து ஊற்றினார், முழங்கால் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு.

கடைசியில் செம்பியன் இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறித்தார்.

"போதும் மாஸ்டர். இதுக்கு மேல எடமில்ல."

மாமா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"ஒரே ஒரு கரண்டி போட்டுக்கங்க" என்றார்.