மோட்டர் சுவிட்சை அணைத்தது யார்

மொட்டைமாடித் தொட்டிக்குப் போன வாரம் ஃப்ளோட் சுவிட்ச் மாட்டினோம். தண்ணீர் குறைந்தால் மோட்டர் தானாக ஓடும், நிரம்பினால் தானாக நிற்கும்.

பூதப்பாண்டியிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கீழ உள்ள சுவிட்ச் எப்பவும் ஆன்லதான் கெடக்கணும். ஆரும் தொடப்பிடாது."

இன்று காலை குளிக்கப் போனால் குழாயில் வெறும் காற்று. வந்து பார்த்தேன். கீழே உள்ள சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"அம்மா, இத ஆஃப் பண்ணுனியா?"

"நான் அந்தப் பக்கமே போவேல்ல."

நானும் தொடவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்பா இருந்தவரை அந்தச் சுவிட்சைத் தடவிப் பார்த்து அணைக்காமல் படுத்ததே இல்லை. மோட்டர் எரிந்துபோகும் என்ற பயம். அவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "ஒனக்க அப்பாட்ட ஆரும் சொல்லேல்லல்லா மக்கா."

சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஹாலில் அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "இனி அத ஆஃப் பண்ணாண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்.

ஃப்ளோட் சுவிட்ச் மாட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யார் யாரிடமெல்லாம் சொல்லிவைத்தீர்கள்?