பிரிஜிட் ஆன்ட்டியின் சனிக்கிழமைகள்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்றால் பயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிரிஜிட் இதைக் கண்டுகொண்டார்.

மலாக்காவில் பாச்சாங் என்ற இடத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விடுதிக்கு அவர் வார்டன். வெள்ளிக்கிழமை மாலையானால் உள்ளூர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேண்டீனை மூடிவிடுவார்கள். நேப்பாளம், பங்களாதேஷ், ஆப்பிரிக்கா என்று தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். மறுநாள் முழுக்க மாடியில் மெகி மீ நூடுல்ஸ் வாசமும், மூடிய கதவுகளுக்குப் பின்னால் வீட்டோடு பேசும் குரல்களும்தான். ஒருநாள் துணி காயப்போடும் இடத்தில் ஒரு பெண் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். பிரிஜிட் ஏனென்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார்.

"சும்மா ரூம்லயே அடைஞ்சி கெடக்குதுங்க, பாவம்லா. நம்ம வேன் சனிக்கிழமை நிக்கத்தானே செய்யுது?"

மைக்கேல் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். காலையிலும் மாலையிலும் அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களைத் தம் பழைய வேனில் ஏற்றிப் போவார். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க கூட்டிட்டுப் போவ?" என்றார்.

"எங்கயாச்சும். நான் சின்னப் பிள்ளையில எங்க போனேன்? அதுங்களாச்சும் பாக்கட்டும்."

அது உண்மை. பெம்பானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் பிரிஜிட். பள்ளிக்கூடத்தில் மலாக்கா டவுனுக்குச் சுற்றுலா போன அன்று, அம்மா பால் வெட்டப் போய்விட்டதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டார். கடலை முதன்முதலில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. நிர்வாகி காந்தன், "சாயந்திரத்துக்குள்ள எல்லாரையும் கொண்டாந்து விட்டுடுங்க" என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். பிரிஜிட் விடிவதற்குள் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, நெத்திலி சம்பல் செய்து, முட்டையோடு காகிதத்தில் பொட்டலம் கட்டுவார். ஒரு வாரம் மலாக்கா ஆற்றுப் படகு. ஒரு வாரம் பெம்பான் வெந்நீர் ஊற்று. டுரியான் பருவத்தில் தெரிந்தவர்களின் தோப்பு. பிள்ளைகள் போகும்போது பேசாமலிருந்து, திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். மைக்கேலுக்குப் புரியாத மொழிகளிலெல்லாம் பாடுவார்கள். அவரும் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். படித்து முடித்துப் போன பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் அனுப்புவார்கள்.

மிலன் நேப்பாளத்து மலைக்கிராமத்திலிருந்து வந்தவன். ஓட்டல் நிர்வாகம் படித்தான். யாராவது கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வான். மஸ்ஜித் தானா பக்கத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போன அன்று மற்றவர்கள் தண்ணீருக்கு ஓட, அவன் மட்டும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சவுக்கு மரத்தடியில் நின்றுவிட்டான்.

"என்னப்பா, போகலையா?"

"ஆன்ட்டி, இது நிக்கவே நிக்காதா?" என்று அலையைக் காட்டிக் கேட்டான்.

"நிக்காது. ராத்திரியிலகூட வந்துகிட்டேதான் இருக்கும்."

அவன் சிரித்தான். போனை எடுத்து ஊருக்கு அழைத்து, கையை நீட்டிக் கடலைக் காட்டினான். திரையில் தொப்பி போட்ட ஒரு மனிதர் முகத்தைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அப்பா. அன்று கடைசியாக வேனில் ஏறியவன் மிலன்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படிக்கட்டில் நின்று, "நாளைக்கு எங்க, ஆன்ட்டி?" என்று கேட்பான். எந்த இடத்தைச் சொன்னாலும், "கடல் இல்லையா?" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரிஜிட், "நாளைக்கு எங்கயும் இல்லப்பா. வீட்டுக்காரரோட தம்பி பேரனுக்கு ஞானஸ்நானம். அடுத்த வாரம் போவோம்" என்றார்.

"கடலுக்கா?"

"கடலுக்குத்தான்."

"ஓகே, ஆன்ட்டி."

மறுநாள் மதியம் தேவாலய மண்டபத்தில் விருந்து நடந்தது. பிரியாணியில் கை வைத்த நேரத்தில் போன் அடித்தது. அழைத்தவர் கல்லூரிக் காவலாளி தில்பகதூர், அவரும் நேப்பாளத்துக்காரர். பல வருடம் மலேசியாவில் இருந்ததில் மலாய் நன்றாகப் பேசுவார். அன்று அவருக்கு எந்த மொழியும் சரியாக வரவில்லை. மிலனும் அறைத்தோழர்கள் இருவரும் வாடகைக் கார் பிடித்துக் கடலுக்குப் போனார்கள், இருவர் கரையேறிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது.

பிரிஜிட் கை கழுவாமலே வேனில் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது அதே சவுக்கு மரத்தடியில் அந்த இரு பையன்களும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று பலமாக இருந்தது. மாலையில் மீனவர்கள் மிலனின் உடலைப் படகில் கொண்டுவந்தார்கள். போலீஸ்காரர், "உங்க பிள்ளையா?" என்று கேட்டார். பிரிஜிட் தலையசைத்துவிட்டு, பிறகு இல்லை என்றார்.

சில நாளில் மிலனின் அப்பா வந்தார். முதல் விமானப் பயணம். ஊரில் போடும் கம்பளிக் கோட்டை இந்த வெயிலிலும் கழற்றவில்லை. காந்தன் நடந்ததை ஆங்கிலத்தில் மெல்ல விளக்க, தில்பகதூர் நேப்பாளியில் சொன்னார். பெரியவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தில்பகதூர் கதவோரம் நின்ற பிரிஜிட்டைத் திரும்பிப் பார்த்து மலாயில் சொன்னார்: "சனிக்கிழமை ஆன்ட்டி யாருன்னு கேக்கறாரு."

பிரிஜிட் முன்னால் வந்து நின்றார். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நினைத்துக்கொண்டார். பெரியவர் எழுந்து கைகூப்பினார். மகன் போனில் காட்டிய இடத்துக்குத் தன்னையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.

மைக்கேல்தான் வேனை ஓட்டினார். தில்பகதூரும் கூட வந்தார். கடற்கரையில் பெரியவர், மகன் எந்த இடத்தில் நின்று போன் பேசினான் என்று கேட்டார். பிரிஜிட் காட்டினார். அவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தண்ணீர் வரை நடந்துபோய்க் குந்தி உட்கார்ந்து, அலையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

தில்பகதூர் மலாயில் சொன்னார்: "உப்புன்னு பையன் சொன்னானாம். இவ்வளவு உப்பா இருக்கும்னு நெனைக்கலையாம்."

பிரிஜிட்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தில், அவர்கிட்ட ஒண்ணு சொல்லு. அந்த வாரம் நான்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம்னு போகாம விட்டுட்டேன். நான் வந்திருந்தா அவன முட்டிக்கு மேல எறங்க விட்டிருக்க மாட்டேன்."

"அதெல்லாம் எதுக்கு, ஆன்ட்டி?"

"சொல்லுப்பா."

தில்பகதூர் அதை நேப்பாளியில் சொன்னார். பெரியவர் கடலைப் பார்த்தபடியே கேட்டார். திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்று பிரிஜிட்டுக்குத் தோன்றியது. கடைசியில் அவர் கேட்டது இதுதான்:

"அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வச்சீங்க?"

"ஜோஷ்வா."

"ஜோஸ்வா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலையை ஆட்டினார். வேனை நோக்கி நடந்தார்.

இரண்டு நாளில் மகனின் உடல் வைத்த பெட்டியோடு அவர் ஊருக்குத் திரும்பினார். பிறகு அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. காந்தன் பிரிஜிட்டைக் கூப்பிட்டு, "உங்க மேல யாரும் தப்பு சொல்லல. ஆனா இனிமே டிரிப் வேணாம்" என்றார்.

"நானும் போறதா இல்ல, சார்."

வீட்டிலும் ஒன்று மாறிப்போனது. மைக்கேலின் தம்பி ஜேம்ஸ் வீட்டுக்குப் போனால் குழந்தையை எல்லாரும் கையில் வாங்குவார்கள், பிரிஜிட் வாங்கமாட்டார். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார். முதல் பிறந்தநாளுக்கு உடம்பு சரியில்லை என்று போகவேயில்லை. ஜேம்ஸின் மனைவி செலினாவுக்கு அது மனத்தாங்கல்.

"பச்சப் பிள்ள என்ன பண்ணிச்சு, பிரிஜிட்?" என்று ஒருநாள் மைக்கேல் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. எனக்குத் தெரியும்லா."

மைக்கேல் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பெயரை யாராவது சத்தமாகச் சொன்னாலே மனைவியின் முகம் மாறுவதை அவர் பார்த்திருந்தார்.

விடுதியில் சனிக்கிழமைகள் பழையபடி ஆயின. மேல்மாடியில் மெகி மீ வாசம், மூடிய கதவுகள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முன்பு நடந்தது எதுவும் தெரியாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, கென்யாவிலிருந்து வந்த ஒரு பெண் இரு தோழிகளோடு அலுவலக அறைக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"ஆன்ட்டி, பக்கத்துல நல்ல பீச் எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் பிரிஜிட்.

"நீங்க இந்த ஊர்தானே?"

"தெரியாதும்மா."

அவர்கள் போனில் தேடி அவர்களாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். கார் வந்து மூவரும் ஏறிப்போவதை பிரிஜிட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கூடப் போகத் தைரியமும் இல்லை. மதியம் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. காவலாளி அறை வாசலில் தில்பகதூர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மழை தூறி நின்றது. மைக்கேல் இரண்டு முறை போன் செய்தார்.

இருட்டுகிற நேரத்தில் கார் வந்தது. மூவரும் ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். "ஆன்ட்டி, இன்னும் இங்கயா இருக்கீங்க?" என்று அந்தப் பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்.

பிரிஜிட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "தலைய நல்லா துவட்டுங்க" என்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.