மெஷின் மேல் நின்றவன்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இது நடந்தது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மாஸி என்ற புறநகர்ப் பக்கம், பகல் நேரத்தில். நடந்தது தவராசாவுக்கு. அன்று போட்டிருந்த சட்டையை அவன் இன்றுவரை திரும்பப் போடவில்லை.

விளையாட்டு மைதானங்களில் புல் வெட்டுவது தவராசாவின் வேலை. போன குளிர்காலத்தில் அவனுடைய கம்பெனி ஒரு பழைய மெஷினை வாங்கியது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், வரிசையாக இரும்பு முட்கள். இறுகிப்போன மண்ணில் குத்திக் குத்தித் துளை போடும். அதை ஓட்டுகிறவனுக்குச் சம்பளமும் கூட, மதிப்பும் கூட. அந்த சீட் தனக்குத்தான் என்று தவராசா வீட்டில் சொல்லியும் விட்டான்.

கிடைத்தது நரேந்திரனுக்கு. மலேசியாக்காரன். நேற்று வந்தவன்!

தவராசாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. நரேந்திரன் சிரித்தால் எரியும். முதலாளி அவன் தோளில் தட்டினால் இன்னும் எரியும். அவன் வேலை சுத்தமாக இருந்ததுதான் பெரிய கொடுமை. மெஷின் ஓடும்போது யாரையும் கிட்டே விடமாட்டான். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுக்காமல் சீட்டை விட்டு இறங்கமாட்டான். ரோட்டில் போகுமுன் மெஷினைத் தூக்கி, அது கீழே இறங்காமல் லாக் பின்னைச் செருகி, இழுத்தும் பார்ப்பான். குறை சொல்ல ஒரு இடம் வைக்கவில்லை.

அதனால் தவராசாவே ஒரு குறையை உண்டாக்கினான்.

அன்று காலை கடும் பனிமூட்டம். அடுத்த மைதானத்துக்குப் போகவேண்டும். மெஷினைத் தூக்கிப் பின்னைச் செருகிவிட்டு நரேந்திரன் கழிப்பறைக்குப் போனான். தவராசா பின்னை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புதுப் பின், பளபளவென்று இருந்தது. வழியில் குலுங்கினால் மெஷின் மெல்ல இறங்கும். முட்கள் தார் ரோட்டைக் கிழிக்கும். முதலாளி நரேந்திரனைக் கிழிப்பார். சீட் தானாக வந்து சேரும்.

டிராக்டர் முன்னே போனது. தவராசா பிக்கப்பில் பின்னே போனான். கண் மெஷினிலேயே இருந்தது.

இறங்கவில்லை.

பள்ளத்தில் குலுங்கியது... டக்... டக்... அப்போதும் இறங்கவில்லை.

பனி கொஞ்சம் விலகியது.

மெஷின் மேல் ஒருவன் நின்றான்.

மஞ்சள் மேலங்கி. முதுகு மட்டும் தெரிந்தது. மெஷினில் ஆளை ஏற்றினால் வேலையே போய்விடும். தவராசாவுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. உடனேயே பொறாமையும் வந்தது. என்னை ஒருநாள் ஏற்றியிருப்பானா? இவனை மட்டும் ஏற்றுகிறானே!

ஹார்ன் அடித்தான். நின்றவன் திரும்பவில்லை.

வளைவில் பக்கவாட்டு முகம் தெரிந்தது. பற்களைக் கடித்திருந்தான். கண் நரேந்திரனின் பிடரியில் இருந்தது.

அந்தப் பார்வையைத் தவராசாவுக்குத் தெரியும்.

அது அவனுடைய சொந்தப் பார்வை...

அடுத்த மைதானத்தில் டிராக்டர் நின்றதும் ஓடினான்.

"தம்பி, மெசினில ஆரை ஏத்திக்கொண்டு வந்தனீர்?"

"யாரண்ணே? யாரும் இல்லையே."

"மஞ்சள் உடுப்போட நிண்டான்!"

"பயமுறுத்தாதீங்க லா."

மெஷின் காலி. லாக் பின் அதன் இடத்திலேயே இருந்தது. பளபளவென்று.

தவராசாவுக்கு நெஞ்சு சுட்டது.

சட்டைப்பையில் கையை விட்டான்.

அதிலும் ஒரு பின்...

கரியாகக் கறுத்திருந்தது. பைத்துணி பொசுங்கியிருந்தது.

சில வாரங்களில் நரேந்திரன் மனுகாவ் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். முதலாளி சீட்டைத் தவராசாவுக்கே கொடுத்தார். ஆசைப்பட்ட அதே சீட். அவன் வேண்டாம் என்றான்.

பிறகு பென்ரோஸுக்குப் போய், அந்த மெஷினை விற்ற மெக்கானிக் ஆனந்தராசாவைப் பிடித்தான்.

"அண்ணை, அந்த மெசினில டிரைவர் ஆரும் செத்தவரோ?"

"செத்தது டிரைவர் இல்லை. டிரைவர் சீட் தனக்குத் தரேல்லையெண்டு எரிஞ்சுகொண்டு திரிஞ்ச ஒருத்தன். தூக்கி நிண்ட மெசினுக்குக் கீழ பூந்து பின்னை உருவினவன். அது அவனுக்கு மேலயே இறங்கீட்டுது."

"அந்தப் பின் இப்ப எங்க?"

"பொத்தின கையை விரிக்கவே ஏலாமப் போச்சுது. பின்னோடயே அவனை எரிச்சவை."