வெளியில் பார்த்தால் பேசலாமா?

எஸ்தர் இறந்த செய்தி சென்ற வியாழக்கிழமை காலை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எனக்கு வந்தது. திண்டிவனத்தில் அவருடைய அறைக்கு அடுத்த அறையில் வேலை செய்யத்தான் கிளம்பியிருந்தேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லக்கூடியது என் தவறு ஒன்றைத்தான். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மனநல ஆலோசகர்கள். ஆலோசனைக்கு வருபவரை வெளியில் கண்டால் நாமாக அறிமுகம் காட்டக் கூடாது. அவராக வந்தால் பேசலாம். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் அந்த இரண்டாம் பாதி எனக்கு மறந்துவிட்டது. என்னிடம் ஆலோசனைக்கு வரும், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் பெரியவர் ஒருவர் சிரித்தபடி, "சார், டீ சாப்புடுங்க" என்று வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற மகன்களே முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பதுதான் அவர் என்னிடம் கொண்டுவந்த துக்கம்.

அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. எஸ்தரிடம் சொன்னேன்.

"ரூல் உங்களுக்குத் தெரியும் சார். வெளிய பார்த்தா பேசலாமான்னு நான் முதல் நாளே கேட்டுடுவேன். அவருக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

"கூச்சம் நம்மளுது. அத அவரு தலையில ஏத்தலாமா? போன் போடுங்க."

பேச வேண்டியதை நான்கு குறிப்புகளாக எழுதினேன். தாளைப் பிடுங்கிக்கொண்டார். "இதப் படிச்சா பேங்க்லேர்ந்து பேசுற மாதிரி இருக்கும் சார்."

"ஐயா, அன்னிக்கு உங்களப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்னுட்டேன். தப்பு" என்றேன் போனில்.

"தெரியும் சார். போர்டு படிச்சிக்கினு இருந்தீங்க. அதுல ஒண்ணுமே எழுதல" என்றார் அவர். பிறகு, "என் பசங்க இந்த மாதிரி ஒரு போன் பண்ணமாட்டானுங்களான்னு இருக்குது. செவ்வாக்கெழம வர்றேன்" என்றார்.

என் மீது இரக்கப்பட்டு வந்தாரோ என்று இன்றும் சந்தேகம். எஸ்தரிடம் கேட்டபோது, "வந்தாரு இல்ல? வுடுங்க சார். எனக்குந்தான் ஒருத்தர் வந்து எதிர்ல உக்காந்தா முதல் அஞ்சு நிமிஷம் கைய எங்க வெக்கறதுன்னே தெரியாது" என்றார்.

அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் சிலர் தனித்தனியாக நின்றார்கள். அழுதார்கள், உறவினர் யாரிடமும் பேசவில்லை. எஸ்தரிடம் ஆலோசனைக்கு வந்தவர்களாக இருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. அருகில் போவதா, விலகுவதா? இரண்டு முறை நடந்து இரண்டு முறை திரும்பினேன். கடைசியில், அவர்கள் விரும்பினால் என்னிடம் பேச வசதியான தூரத்தில் போய் நின்றேன். ஒரு பெண் மட்டும் வந்து, "இனிமே யாருகிட்ட சார் போறது?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். வந்தார். எஸ்தரிடமிருந்து எனக்கென்று எஞ்சிய கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: "வெளியில் பார்த்தால் நான் பேசலாமா அம்மா?"